விரல் வெளியே இருக்கட்டும்! துப்பாக்கிப் பயிற்சியாளர் ஆவது பற்றி வாசகர் கேள்விகள்

துப்பாக்கி சுடுதல் பற்றி எதை எழுதினாலும் வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "நானும் சொல்லிக் கொடுக்கலாமா? அதற்கு எங்கே படிப்பது?" இந்த முறை பெரும்பாலும் அவற்றையே எடுத்துக்கொண்டேன்.

துப்பாக்கி சுடுதல் கோச் ஆக என்ன வேண்டும்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.
*– ஈரோடு வாசகர்*

முதலில் சுடத் தெரிய வேண்டும். பிறகு, சுடுகிறவரைப் பார்க்கத் தெரிய வேண்டும். முதலாவது சில வருடங்களில் வந்துவிடும். இரண்டாவதற்குப் பொறுமை தேவை. சான்றிதழ் இந்த இரண்டுக்கும் பிறகு வருவது. அதை முதலில் வாங்கிக்கொண்டு மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

மாநிலப் போட்டி வரை சுட்டிருக்கிறேன். முறையான பயிற்சியாளர் சான்றிதழுக்கு யாரை அணுகுவது? எங்கே வகுப்பு நடக்கிறது என்றே தெரியவில்லை.
*– கோயம்புத்தூர் வாசகர்*

உங்கள் கிளப்பில் தொடங்குங்கள். இந்தியாவில் இந்த விளையாட்டின் தலைமை அமைப்பு தேசிய ரைஃபிள் சங்கம். 1951-ல் தொடங்கியது. முதல் மக்களவைத் தலைவர் மாவலங்கர் அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். அவர் பெயரில்தான் இன்றும் மாவலங்கர் போட்டி நடக்கிறது. அதன் கீழே மாநிலச் சங்கம், அதற்கும் கீழே மாவட்ட ரைஃபிள் கிளப்புகள். பயிற்சியாளர் வகுப்பு பற்றிய தகவல் மேலிருந்து இந்த வழியாகத்தான் இறங்கி வரும். கிளப்பில் உறுப்பினராக இல்லாதவருக்குச் செய்தி கிடைக்கும்போது இடங்கள் நிரம்பியிருக்கும். அதனால் தேசியச் சங்கத்தின் இணையதளத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். மாநிலச் சங்கத்தின் செயலாளருக்கு உங்கள் சுடுதல் விவரங்களோடு ஒரு கடிதம் எழுதி வையுங்கள்.

உலக அளவில் மதிப்பு உள்ளது மியூனிக்கைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் அகாடமி தரும் சான்றிதழ். டி, சி, பி, ஏ என்று நான்கு படி. 'டி' தான் அடிப்படை, 'ஏ' தான் உச்சி. பள்ளிக்கூட மார்க் ஷீட் பழக்கத்தில் 'டி' என்றால் கடைசி என்று முகம் சுளிக்காதீர்கள். அந்த 'டி' வகுப்பு இந்தியாவிலும் நடத்தப்படுகிறது. தொடங்குவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

பாட்டியாலாவில் 1961 முதல் இயங்கும் நேதாஜி தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் பட்டயத்துக்கு அரசு வேலைகளில் நல்ல மதிப்பு. ஆனால் விண்ணப்பம் போடும் முன் அந்த ஆண்டின் அறிவிப்பில் எந்தெந்த விளையாட்டுகள் உள்ளன என்று பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று செய்யலாம். உங்கள் கிளப் கோச்சிடம் போய், "ஞாயிற்றுக்கிழமை காலையில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு நான் துணைக்கு நிற்கிறேன்" என்று சொல்லுங்கள். ஆறு மாதம் நில்லுங்கள். வகுப்பில் உட்காரும்போது கேட்பதற்கு உங்களிடம் கேள்விகள் இருக்கும். கேள்வியோடு போகிறவருக்குத்தான் வகுப்பு பலன் தரும்.

இணையத்தில் ஒரே நாளில் 'சர்வதேச ஃபயர் ஆர்ம்ஸ் இன்ஸ்ட்ரக்டர்' சான்றிதழ் தருகிறார்களாமே?
*– சேலம் வாசகி*

துப்பாக்கியைத் தொடாமலே, உங்கள் கையை ஒருவரும் பார்க்காமலே தருகிற சான்றிதழ் அது. சட்டம் படிக்கலாம், குறிபார்க்கும் கோட்பாடு படிக்கலாம், அதற்கு இணையம் போதும். ஆனால் உங்கள் விரல் விசையில் எப்போது போகிறது என்பதை எதிரே நின்று ஒருவர் பார்த்திருக்க வேண்டும். பணத்தை மிச்சம் பிடித்து கிளப் சந்தா கட்டுங்கள்.

ராணுவத்தில் 17 வருடம். ஆயுதப் பயிற்சியும் கொடுத்திருக்கிறேன். ஊரில் பிள்ளைகளுக்கு ஷூட்டிங் கோச் ஆக இது போதாதா?
*– வேலூர் மாவட்ட முன்னாள் ராணுவ வீரர்*

ஐயா, முதலில் வணக்கம். ஒரு புதிய கோச்சுக்கு இரண்டு வருடத்தில் வராத ஒன்று உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது: ஆயுதத்தை எடுத்ததும் குண்டு இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம். அதை அப்படியே பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

மற்றதைப் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கும். பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் பத்துப் புள்ளி வட்டம் என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. சுடுகிற பெல்லட்டோ நாலரை மில்லிமீட்டர். அதாவது குண்டைவிடக் குறி சிறியது. பந்தயத்தில் அப்படி 60 முறை, 75 நிமிடத்துக்குள் சுட வேண்டும். அசையாமல் நிற்பதுதான் இங்கே வேலை. முதுகெலும்பை எப்படி வளைத்து ரைஃபிளின் எடையை எலும்பில் ஏற்றுவது, இடது முழங்கையை இடுப்பில் எங்கே ஊன்றுவது, மூச்சை எங்கே நிறுத்துவது என்று அங்குலம் அங்குலமாகப் பார்க்க வேண்டிய விளையாட்டு.

குரலும் மாற வேண்டும். சிப்பாய்க்குச் சொல்லும் குரலில் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குச் சொன்னால் அவள் தோள் இறுகிவிடும், தோள் இறுகினால் குறி போய்விடும்.

ராணுவத்துக்கும் இந்த விளையாட்டுக்கும் பகை ஒன்றுமில்லை. மாவ் நகரில் இருக்கும் ராணுவத்தின் மார்க்ஸ்மென்ஷிப் யூனிட்டில் பயின்றவர்தான் 2012 லண்டனில் வெள்ளி வென்ற விஜய்குமார். நீங்கள் ஒரு வருடம் மாணவனாக ஏர் ரைஃபிள் சுடுங்கள். அதன் பிறகு உங்களைப் போன்ற கோச் கிடைப்பது பிள்ளைகளின் பாக்கியம்.

கல்லூரியில் என்.சி.சி. 'சி' சான்றிதழ் வைத்திருக்கிறேன். பயன்படுமா?
*– திருநெல்வேலி மாணவி*

பயன்படும். .22 ரைஃபிளைப் படுத்துக்கொண்டு சுட்டிருப்பீர்கள், ரேஞ்ச் கட்டளைக்குக் காது பழகியிருக்கும். அடுத்த படி கிளப்பில் சேர்ந்து நின்று சுடப் பழகுவது. படுத்துச் சுட்டபோது தரை தாங்கியதை நிற்கும்போது உங்கள் உடம்பு தாங்க வேண்டும். வயது உங்கள் பக்கம் இருக்கிறது, உடனே சேருங்கள்.

பயிற்சியாளர் சான்றிதழ் இருந்தால் துப்பாக்கி உரிமம் சுலபமாகக் கிடைக்குமா?
*– மதுரை வாசகர்*

கிடைக்காது. சான்றிதழ் வேறு, உரிமம் வேறு. உரிமம் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி அரசு தருவது. பொதுவாக 21 வயது நிறைந்திருக்க வேண்டும், காவல்துறை விசாரணை உண்டு. 2016-ல் வந்த ஆயுத விதிகள் இன்னொன்றும் கேட்கின்றன: உரிமம் கேட்பவர் ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். நான் மனதார வரவேற்கும் விதி அது. அந்தப் பயிற்சியைச் சடங்காக நடத்தாமல் சரியாக நடத்துவதற்கும் நல்ல பயிற்சியாளர்கள் தேவை.

விளையாட்டுக்கு வருகிறவருக்கு ஆரம்பத்தில் இந்தக் கவலையே வேண்டாம். 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்குள் ஆற்றலும் கொண்ட ஏர் ரைஃபிளுக்கும் ஏர் பிஸ்டலுக்கும் உரிமம் தேவையில்லை. அடையாளச் சான்று கொடுத்து வாங்கலாம். பெரும்பாலான பிள்ளைகள் தொடங்குவதும் அதில்தான்.

சட்டம் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்திலும் திருவிழாவிலும் மகிழ்ச்சிக்காக வானத்தைப் பார்த்துச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து வரவழைப்பதற்கு, 2019 திருத்தத்தின்படி இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மேலே போன குண்டு கீழே வந்துதான் ஆக வேண்டும். இதை முதல் வகுப்பிலேயே சொல்லாத பயிற்சியாளர் பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

உரிமம் வேண்டாம் என்கிறீர்களே, அப்படியானால் மொட்டை மாடியில் ஏர் ரைஃபிள் வகுப்பு நடத்தலாமா? தெருப் பிள்ளைகள் ஆசையாகக் கேட்கிறார்கள்.
*– திண்டுக்கல் வாசகர்*

வேண்டவே வேண்டாம். அந்தச் சின்ன ஈயத் துண்டு ஒரு குழந்தையின் கண்ணைப் பறிக்கப் போதும். பின்னால் குண்டு தாங்கும் தடுப்பு, பக்கச் சுவர், ஒரே ஒரு வாசல், கட்டளை கொடுக்க ஒருவர் இவ்வளவும் இருந்தால்தான் அது ரேஞ்ச். பக்கத்து மாடியில் யாரோ துணி உலர்த்த வருவார். அவருக்கு உங்கள் கட்டளை தெரியாது.

தல அஜித் மாதிரி சுட ஆசை. எனக்கு வயது 44. இனிமேல் முடியுமா?
*– திருச்சி வாசகர்*

2022-ல் உங்கள் ஊர் ரைஃபிள் கிளப்பில் நடந்த மாநிலப் போட்டியில் அவர் சுட்டபோது அவருக்கு 51. வாசலில் கூடிய கூட்டம் நடிகரைப் பார்க்க வந்தது, உள்ளே அவர் மற்றப் போட்டியாளர்களைப் போலத் தன் லேனில் நின்றார். நீங்கள் இன்னும் ஏழு வருடம் முன்னால் இருக்கிறீர்கள். போய்ச் சேருங்கள்.

பெண்கள் கோச் ஆக இந்தத் துறையில் இடம் இருக்கிறதா? என் கணவர் வீட்டில் தயங்குகிறார்கள்.
*– தஞ்சாவூர் வாசகி*

இரண்டு பேரைப் பற்றி வீட்டில் சொல்லுங்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் நம் அணியில் சுட்டவர்கள் சுமா ஷிரூர், தீபாலி தேஷ்பாண்டே. சுமாவிடம் பயின்ற அவனி லேகரா சக்கர நாற்காலியில் இருந்தபடி டோக்கியோவிலும் பாரிஸிலும் பாராலிம்பிக் தங்கம் வென்றார். தீபாலியிடம் பயின்ற ஸ்வப்னில் குசாலே 2024 பாரிஸில் 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம். இருவருமே துரோணாச்சாரியார் விருது பெற்ற பயிற்சியாளர்கள்.

கூடுதலாக ஒன்று. ஸ்டான்ஸ் சரிசெய்யும்போது இடுப்பையும் தோளையும் முழங்கையையும் தொட்டுத்தான் காட்ட வேண்டியிருக்கும். பெண் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் பெண் கோச் இருக்கிறாரா என்று கேட்கிறார்கள், கேட்பது நியாயம். யாராக இருந்தாலும் தொடும் முன் "தொடட்டுமா?" என்று கேட்பதை நான் விதியாகவே வைத்திருக்கிறேன். எத்தனையோ கிளப்புகள் உங்களைப் போன்ற ஒருவருக்காகக் காத்திருக்கின்றன, வாருங்கள்.

பெரிய சாம்பியனாக இருந்தால்தான் பெரிய கோச் ஆக முடியுமா?
*– நாகர்கோவில் வாசகர்*

உங்கள் ஊருக்கு அடுத்த மாநிலத்துக்காரர் ஒருவரைச் சொல்கிறேன். சன்னி தாமஸ். கேரளத்தில் ஆங்கிலப் பேராசிரியர். அவரும் சுட்டவர்தான், ஆனால் ஒலிம்பிக் போனது பயிற்சியாளராக. 1993 முதல் 2012 வரை தேசிய அணியைப் பார்த்துக்கொண்டார். ரத்தோரின் 2004 வெள்ளி, அபினவ் பிந்த்ராவின் 2008 தங்கம், சென்னையில் பிறந்த ககன் நாரங்கின் 2012 வெண்கலம், விஜய்குமாரின் வெள்ளி எல்லாம் அவர் காலத்தில் வந்தவை. ஒவ்வொருவருக்கும் தனிக் கோச் இருந்திருக்கலாம். அத்தனை பேரையும் ஒரே அணியாகக் கட்டிக் காத்தது அந்த வாத்தியார்.

டல்லாஸில் எச்-1பி விசாவில் இருக்கிறேன். இங்கே என்.ஆர்.ஏ. இன்ஸ்ட்ரக்டர் ஆகிவிட்டு ஊருக்கு வந்து அகாடமி தொடங்க ஆசை.
*– டெக்சாஸ் வாசகர்*

தம்பி, ஒரு நிமிடம் நில்லுங்கள். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. நண்பர் கூப்பிட்டார் என்று ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதுகூட 'வைத்திருப்பது' என்றே கொள்ளப்படும். டெக்சாஸில் எல்லாரும் சுடுகிறார்களே என்று இதில் மாட்டிக்கொண்டால் விசாவே போகும். முதலில் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். கிரீன் கார்டு வந்தவருக்கு இந்தத் தடை இல்லை.

சட்டம் இடம் கொடுத்த பிறகு வழி இது: 1871-ல் தொடங்கிய என்.ஆர்.ஏ. சங்கத்தின் பயிற்சியாளர் வகுப்பு இரண்டு கட்டம். முதலில் கற்பிக்கும் முறைக்கான அடிப்படை வகுப்பு. பிறகு பிஸ்டல், ரைஃபிள், ஷாட்கன் என்று நீங்கள் எடுக்கும் பிரிவுக்கான வகுப்பு. 'டிரெயினிங் கவுன்சிலர்' என்று அங்கீகரிக்கப்பட்டவர்கள்தான் அதை நடத்துவார்கள். உங்கள் கையாளும் திறனையும் சுடும் திறனையும் பார்ப்பார்கள். முழுப் பயிற்சியாளருக்கு 21 வயது ஆக வேண்டும். டெக்சாஸில் துப்பாக்கி ஏந்தும் உரிமத்துக்கான வகுப்பு நடத்த வேண்டுமானால் அது தனி. மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறை சான்று தர வேண்டும்.

ஊரில் அகாடமிக்கு அந்தச் சான்றிதழ் உதவாது. ஆங்கிலச் சுருக்கப் பெயரில் மூன்று எழுத்து ஒன்றாக இருந்தாலும் நம் தேசியச் சங்கம் வேறு அமைப்பு. அங்கே பெரும்பாலும் தற்காப்பும் வேட்டையும், இங்கே பந்தய விளையாட்டு. ஊருக்கு வரப் போகிறீர்கள் என்றால் சர்வதேசக் கூட்டமைப்பின் படிகளில் ஏறுங்கள்.

சொல்லிக் கொடுப்பதில் எது மிகக் கஷ்டம்?
*– புதுச்சேரி வாசகி*

வாயை அடக்குவது. ஒரு சம்பவம் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், ஒரு கிளப்பில் காலை வகுப்பு. பதின்மூன்று வயதுப் பையன் ஏர் பிஸ்டலோடு மூன்றாவது லேனில் நின்றான். மணிக்கட்டு கொஞ்சம் தளர்ந்திருந்தது. பின்னாலிருந்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? திரும்புவார்கள். அவன் "சார்?" என்று முழு உடம்போடு திரும்பினான், நீட்டிய கையோடு. பிஸ்டலின் முனை நாலாவது லேன் பெண்ணைத் தாண்டி என் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது. உள்ளே பெல்லட் இருந்தது. அவன் விரல் மட்டும் விசைக்கு வெளியே, சட்டத்தின் மேல் நேராகப் படுத்திருந்தது. முதல் நாளில் இருந்து ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த அந்த ஒரே விஷயம் எங்கள் மூவரையும் காப்பாற்றியது.

தப்பு அவனுடையது இல்லை, என்னுடையது. அன்றிலிருந்து சுடுகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடுவதில்லை. பக்கவாட்டில், அவர் கண்ணில் படும்படி போய் நிற்பேன். ஆயுதம் மேசையில் இறங்கும் வரை காத்திருப்பேன். பிறகுதான் பேச்சு. நான் துணைக்கு வைத்துக்கொள்ளும் ஒவ்வொரு இளைய கோச்சுக்கும் சொல்லும் முதல் பாடம் இதுதான்.

கோச் துப்பாக்கி மெக்கானிக்காகவும் இருக்க வேண்டுமா?
*– ஓசூர் வாசகர்*

அடிப்படைப் பழுது தெரிந்திருக்க வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கருக்குத் தகுதிச் சுற்றின் நடுவில் பிஸ்டல் பழுதானது. சரிசெய்வதில் நேரம் போய், 575 புள்ளியோடு இரண்டு புள்ளியில் இறுதிச் சுற்றைத் தவறவிட்டார். மூன்று வருடம் கழித்துப் பாரிஸில், ஜஸ்பால் ராணா பயிற்சியில், ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் வென்றார். டோக்கியோவில் அந்த நாளின் வலியை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு பிசையும்.

உங்கள் அளவில்: காற்றுச் சிலிண்டரின் காலாவதித் தேதியைப் பாருங்கள், பொதுவாகப் பத்து வருடம்தான் ஆயுள். அதில் 200 பார் அழுத்தம் அடைத்திருக்கிறது. பந்தயத்துக்கு முன் ஏர் பிஸ்டலின் விசை 500 கிராம் எடையைத் தாங்குகிறதா என்று சோதியுங்கள். உபரித் திருகுகளும் ஓ-ரிங்குகளும் ஒரு டப்பாவில் எப்போதும் இருக்கட்டும்.

வீட்டில் பயிற்சி செய்ய வழி உண்டா?
*– கும்பகோணம் மாணவர்*

உண்டு. குண்டில்லாமல் விசையை இழுக்கும் டிரை ஃபயர். வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்று, குறிமுனை அசையாமல் விசையை இழுக்கப் பழகுங்கள். உங்கள் துப்பாக்கியில் அதற்கான வசதி இருக்கிறதா என்று கோச்சிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெல்லட் டப்பா வேறு அறையில் இருக்க வேண்டும். உலகத் தரத்தில் சுடுகிறவர்களும் இதைத் தினம் செய்கிறார்கள்.

ரேஞ்சிலிருந்து வந்ததும் கை கழுவச் சொல்கிறார்கள். சம்பிரதாயமா?
*– காரைக்குடி வாசகர்*

பெல்லட் ஈயம். ஈயம் குழந்தைகளின் மூளைக்கு விஷம். லேனில் முறுக்கு, பிஸ்கட் எதுவும் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் டிபன் பாக்ஸ். ரேஞ்சை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மூச்சில் போகும், ஈரத் துணியால் துடைக்க வேண்டும். நாள் முழுக்க அங்கேயே நிற்கிற கோச்சுக்கு இது இன்னும் முக்கியம்.

வருமானம் வருமா? நேர்மையாகச் சொல்லுங்கள்.
*– விருதுநகர் வாசகர்*

ஆரம்பத்தில் குறைவு. இன்னொரு வேலையை வைத்துக்கொண்டு தொடங்குங்கள். கிளப், தனியார் பள்ளி, கேலோ இந்தியா மையங்கள், இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர் பணி என்று வாசல்கள் உண்டு. மேலே போகப் போகச் சான்றிதழும் மாணவர்கள் வென்ற பதக்கமும்தான் பேசும். கடன் வாங்கிச் சொந்த ரேஞ்ச் கட்டுவதைப் பத்து வருட அனுபவத்துக்குப் பிறகு யோசியுங்கள்.

என் மகளுக்குப் பதினொன்று. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக்கில் சுடுவதைப் பார்த்ததிலிருந்து ஷூட்டிங் ஷூட்டிங் என்கிறாள். நல்ல பயிற்சியாளரை எப்படிக் கண்டுபிடிப்பது?
*– கடலூரிலிருந்து ஓர் அம்மா*

அம்மா, சேர்ப்பதற்கு முன் ஒருநாள் தனியாகப் போய் ரேஞ்சில் ஒரு மணி நேரம் பின்னால் உட்காருங்கள். கோச்சின் சுவரில் மாட்டிய சான்றிதழை ஒரு நிமிடம் பாருங்கள். மீதி ஐம்பத்தொன்பது நிமிடம் பிள்ளைகளின் கையைப் பாருங்கள். மேசையில் சும்மா வைத்த ஒவ்வொரு துப்பாக்கியிலும், உள்ளே குண்டில்லை என்று காட்டும் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கொடி செருகியிருக்கிறதா? 'ஸ்டாப்' என்று குரல் வந்ததும் எல்லாக் கையும் அந்த நொடியே நிற்கிறதா? சுடாத நேரத்தில் விரல்கள் விசைக்கு வெளியே இருக்கின்றனவா? மோசமாகச் சுட்ட பிள்ளையிடம் கோச் எந்தக் குரலில் பேசுகிறார்?

இந்த நாலும் சரியாக இருந்தால் மகளைத் தைரியமாகச் சேருங்கள். கொடியில்லாத துப்பாக்கி ஒன்றைப் பார்த்தால்கூட, அந்த இடத்துக்கு எவ்வளவு பெரிய பெயர் இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள்.